மாத்த ஆள் வரல

சத்தியமாச் சொல்லுதேன், இது எனக்கு நடந்தது. எவளோ சொல்லிக் கேட்டது இல்ல. நம்பாதவங்க நம்ப வேண்டாம், உங்களை நம்ப வச்சு எனக்கு ஒண்ணும் ஆகப்போறது இல்ல. ஆனா ஒண்ணு. அன்னைக்கு நான் ஒரே ஒரு என்டர் கீயைத் தட்டியிருந்தேன்னா, இப்ப இதைச் சொல்ல நான் இருந்திருக்க மாட்டேன்.

நான் காளீஸ்வரி. தென்காசில கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வச்சிருக்கேன். தனியா இல்ல. சத்யபிரியான்னு ஒருத்தி கூட. பாலிடெக்னிக்ல அவளும் நானும் ஒரே பெஞ்சு. எனக்கு அப்பா அம்மா இல்ல, கூடப்பொறந்ததும் இல்ல. குத்துக்கல்வலசையில ஒத்தையா ஒரு வீட்டுல கிடக்கேன். பொங்கல் தீவாளி எல்லாம் சத்யா வீட்டுல தான். அவளுக்கு அபர்ணா பொறந்தப்ப ஆஸ்பத்திரில மொதல்ல பிள்ளையக் கையில வாங்குனது அவ புருஷன் பாண்டிராஜ் இல்ல, நான். அந்த அளவுக்குப் பழக்கம்.

பேய் என்னை என்ன பண்ணிச்சுங்கிறது கூட எனக்கு ஆறிப் போச்சு. அவ பண்ணினது ஆறல.

எங்க கடையில பழைய கம்ப்யூட்டருக்கெல்லாம் லினக்ஸ் போட்டுக் குடுப்போம். லினக்ஸ்னதும் பயந்துராதீங்க. அதும் விண்டோஸ் மாதிரி ஒண்ணு தான். காசு கிடையாது, கிழட்டு மிஷின்லயும் ஓடும். பேர் போடணும், பாஸ்வேர்டு போடணும், டெஸ்க்டாப் வரும், வேலையப் பாக்கலாம். அவ்வளவு தான் விஷயம். டெஸ்க்டாப் வரலைன்னா தான் எங்க பாடு திண்டாட்டம்.

ஆனி மாசம். சாரல் ஆரம்பிச்சிருந்துச்சு. தளவாய் அண்ணாச்சின்னு ஒருத்தர், போலீஸ்ல எஸ்.ஐ.யா இருந்து ரிட்டையர் ஆனவர், ஐந்தருவி ரோட்டுல ஒரு பழைய லாட்ஜைக் குத்தகைக்கு எடுத்திருந்தார். பேரு வேண்டாம், பொழப்பு நடக்குற இடம். அந்த லாட்ஜு ரிசப்ஷன் சிபியுவைத் தூக்கிட்டுக் கடைக்கு வந்தார். "ஏம்மா, எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசாப் போட்டுக் குடு"ன்னார்.

சிபியு மேல லாட்ஜு பேர் போட்ட ஸ்டிக்கர் ஒட்டியிருந்துச்சு. சத்யா அதைப் பாத்தா. பாத்ததும் அவ முகம் ஒரு மாதிரி ஆச்சு.

"என்னட்டி?"ன்னேன்.

"ஒண்ணும் இல்ல. இதை நானே பாத்துக்கிடுதேன். நீ தொடாத."

எனக்கு என்ன, வேலை மிச்சம்னு விட்டுட்டேன். அவ தான் அழிச்சா, அவ தான் போட்டா. கடையில வச்சு ஓட்டிக் காட்டுனா. டெஸ்க்டாப் ஜம்முனு வந்துச்சு.

லாட்ஜுல கொண்டு போய் மாட்டினா வரல. அண்ணாச்சி திருப்பித் தூக்கிட்டு வந்தார். கடையில வருது. திருப்பிக் கொண்டு போனார். வரல. மூணாவது தடவை அவருக்குக் கோவம் வந்துருச்சு. "ஏம்மா, சனிக்கிழமை சீசன் கூட்டம் வருது, ரூம் பூரா புக் ஆயிருக்கு. நீங்க வெளாட்டுப் பண்ணிக்கிட்டு இருக்கீங்க. ஆள் ஒண்ணு நேர்ல வாங்க"ன்னுட்டார்.

சத்யா தான் போகணும், அவ போட்ட வேலை. ஆனா வியாழக்கிழமை சாயங்காலம் எங்கிட்ட வந்து, "அபர்ணாவுக்குக் காய்ச்சல்ட்டி, நீ ஒரு எட்டுப் போயிட்டு வந்துரு"ன்னா. மத்தியானம் தான் அபர்ணாவைக் கடைக்குத் தூக்கிட்டு வந்திருந்தான் பாண்டிராஜ். பிள்ளை பிஸ்கட்டத் தின்னுக்கிட்டு மவுஸை இழுத்துப் போட்டு ஆட்டம் போட்டுக்கிட்டு இருந்துச்சு. காய்ச்சலாவது ஒண்ணாவது. சரி, ஏதோ சோம்பேறித்தனம்னு நினைச்சேன்.

நான் ஸ்கூட்டியை எடுக்கும்போது வாசலுக்கு வந்து என் கையைப் பிடிச்சா. "பாத்துப் போயிட்டு வாட்டி"ன்னா. கை ஐஸா இருந்துச்சு. தென்காசில இருந்து ஐந்தருவிக்குப் போறதுக்கு எவளாவது இப்படி வழியனுப்புவாளா? அப்பவே எனக்குப் புத்தி வந்திருக்கணும்.

நான் போய்ச் சேரும்போது மணி ஆறு பத்து. சாரல் அடிச்சிக்கிட்டு இருக்கு. மரம் மூடிக் கிடக்குற ரோடு, அதனால ஆறு மணிக்கே இருட்டு. லாட்ஜுல ஒரு ரூம்லயும் லைட் இல்ல. ரிசப்ஷன்ல மட்டும் ஒரு டியூப் லைட். நீளக் கவுன்டர், கவுன்டருக்குள்ள கம்ப்யூட்டர், பின்னாடி சுவருல ரூம் சாவி மாட்டுற பலகை. எதிர்ல வாசப் பக்கம் ஒரு ரெக்சின் சோபா. கவுன்டர்ல உக்காந்தா வாசலுக்கு முதுகு காட்டி உக்காரணும். எவன் கட்டுனானோ, தலைகீழாக் கட்டியிருக்கான்.

தளவாய் அண்ணாச்சி பாஸ்வேர்டைச் சொல்லிட்டு ஒரு விஷயமும் சொன்னார்.

"இங்கன ஒரு முறை உண்டும்மா. பழைய ஆளுக வச்சது, எனக்கும் பிடிச்சுப் போச்சு. ரிசப்ஷன்ல பகல் டூட்டி ஒருத்தி, ராத்திரி டூட்டி ஒருத்தி. எட்டு மணிக்கு மாறணும். மாத்த வந்தவ தன் பேர்ல லாகின் பண்ணினா தான் இருந்தவ சேரை விட்டு எந்திரிக்கலாம். போலீஸ்ல சென்ட்ரி மாத்துற மாதிரி. அதனால ஆளுக்கு ஒரு பேர் வேணும் இதுல."

"சரி அண்ணாச்சி. மொதல்ல டெஸ்க்டாப் வரட்டும், பேரு நூறு போடலாம்"னேன்.

மோட்டார் ஸ்டார்ட்டர் எரிஞ்சு போச்சு, தென்காசிக்குப் போய் வாங்கிட்டு வாரேன்னு கார் எடுத்துட்டுப் போயிட்டார். "ரெங்கம்மாள்னு கூட்டித் துடைக்கிற அக்கா ஒருத்தி உண்டு, அவளும் ஆறு மணியோட போயிருவா. பயப்பட மாட்டியே?"ன்னு போகும்போது கேட்டார்.

பயமா? எனக்கா? நான் ஒத்தையா இருந்து பழகுனவ. சிரிச்சேன்.

உக்காந்தேன். லாகின் ஸ்கிரீன் வந்துச்சு. லாட்ஜு பேரைப் போட்டேன், பாஸ்வேர்டு போட்டேன், என்டர்.

ஸ்கிரீன் கறுப்பாச்சு. மூணு எண்ணுற நேரம். திரும்பவும் லாகின் ஸ்கிரீன்.

இது எங்க தொழில்ல எல்லாருக்கும் தெரிஞ்ச நோய். பாஸ்வேர்டு தப்புன்னு சொல்லாது. உள்ள விடும், உடனே கழுத்தைப் பிடிச்சு வெளிய தள்ளும். திரும்பப் போட்டா திரும்பத் தள்ளும். சவத்து மிஷினைக் காலம் பூரா தட்டிக்கிட்டே இருக்கலாம்.

இன்னொரு தடவை போட்டுப் பாத்தேன். கறுப்பாச்சு. கறுப்பான ஸ்கிரீன் கண்ணாடி மாதிரி தானே, என் முகம் தெரிஞ்சுது. தலைக்கு மேல டியூப் லைட். எனக்குப் பின்னாடி வாசல், சோபா.

சோபால ஒரு ஆள்.

லாகின் ஸ்கிரீன் வந்துருச்சு. நான் திரும்பிப் பாத்தேன். சோபா காலி. சரி, யாரோ ரூம் கேட்டு வந்துட்டு, ஆள் இல்லைன்னு போயிட்டாங்க போலன்னு நினைச்சேன். அப்ப ஒரு சத்தம். புஸ்ஸ்ஸுன்னு... மெல்லிசா.

ரெக்சின் சோபால உக்காந்து எந்திரிச்சா பள்ளம் விழுந்து, பைய மேல வரும்லா? அது வந்துக்கிட்டு இருந்துச்சு.

எலி, காத்து, பழைய சோபா... மனசு ஆயிரம் சொல்லும். நான் வேலையப் பாப்போம்னு திரும்பிட்டேன்.

டெஸ்க்டாப் வரலைன்னா, மூணு கீயைச் சேத்து அமுக்கினா வெறும் எழுத்து மட்டும் வர்ற ஒரு கறுப்புத் திரை உண்டு. அங்க போய் வைத்தியம் பாக்கணும். எங்க கடைக்குன்னு ஒரு பேரும் ஒரு பாஸ்வேர்டும் எல்லா மிஷின்லயும் வச்சிருப்போம். அந்த பாஸ்வேர்டு உலகத்துல ரெண்டு பேருக்குத் தான் தெரியும். எனக்கும் சத்யாவுக்கும். அதுல உள்ள போனேன்.

இந்த நோய்க்கு வழக்கமா ஒரே காரணம் தான். ஒவ்வொரு ஆளுக்கும் மிஷினுக்குள்ள ஒரு வீடு மாதிரி உண்டு. அந்த வீட்டுக்குள்ள ஒரு சின்ன ஃபைல், அது தான் டெஸ்க்டாப்புக்குச் சாவி. அவசரப்பட்டு எவனாவது பெரிய அதிகாரத்துல டெஸ்க்டாப்பைத் திறந்திருந்தான்னா, அந்தச் சாவி வேற ஆள் பேருக்கு மாறிப் போகும். அப்புறம் வீட்டுக்காரனே வந்தாலும் உள்ள விடாது. யார் பேர்ல இருக்குன்னு பாத்து, மாத்தி விட்டா தீந்துச்சு.

பாத்தேன். சாவி வேற பேர்ல தான் இருந்துச்சு.

என் பேர்ல.

காளீஸ்வரின்னு இருக்கு. அப்படி ஒரு ஆளையே நான் இந்த மிஷின்ல போடல. நான் இதைத் தொட்டதே இல்ல. சத்யா தான் தொடாதேன்னுட்டாளே.

சரின்னு லாட்ஜு பேருக்கு மாத்தி விட்டேன். மாறுச்சு. திரும்பப் பாத்தேன், காளீஸ்வரி. இன்னொரு தடவை மாத்தினேன். காளீஸ்வரி. எனக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறுது. யாராச்சும் வேற வழியா உள்ள உக்காந்துக்கிட்டு இதை மாத்துதாங்களா? அதைக் கேக்கவும் ஒரு கட்டளை உண்டு. இப்ப உள்ள யார் யார் இருக்காங்கன்னு கேட்டா மிஷின் சொல்லும். தட்டினேன்.

ரெண்டு பேரைச் சொல்லுச்சு. ஒண்ணு நான், கடைப் பேர்ல.

இன்னொண்ணு மஞ்சு.

மஞ்சுன்னு எனக்கு யாரையும் தெரியாது. எப்ப உள்ள வந்தான்னு பக்கத்துல தேதி இருக்கும். மூணு வருஷத்துக்கு முந்தின தேதி. நாங்க இந்த மிஷினை மொத்தமா அழிச்சு லினக்ஸ் போட்டே பதினஞ்சு நாள் தான் ஆகுது. புது வீட்டுக்குள்ள மூணு வருஷமா ஒருத்தி குடியிருக்கான்னு சொல்லுது மிஷின்.

கண்ணுக்கு நேர சுவருல இருந்த பலகையில சாவிக் கொத்து ஒண்ணு ஆடுச்சு. கிணிங்... கிணிங்...

ஒண்ணே ஒண்ணு தான். மத்த சாவியெல்லாம் சும்மா தொங்குது.

நான் சத்யாவுக்குப் போன் போட்டேன். ஒரு ரிங்லயே எடுத்துட்டா. போனைக் கையிலயே வச்சிக்கிட்டு உக்காந்திருந்திருக்கா. ஸ்பீக்கர்ல போட்டுக் கவுன்டர்ல வச்சேன்.

"ஏட்டி, என் பேர்ல எதுக்குட்டி ஆளைப் போட்டு வச்சிருக்க?"

"...டெஸ்டுக்குப் போட்டேன்."

"என் பேர்லயா டெஸ்டு பண்ணுவ?"

"இருக்கட்டும்ட்டி. லாட்ஜு பேர்ல வரலைன்னா உன் பேர்ல போய்ப் பாரு. டெஸ்க்டாப் வந்துரும். நம்ம கடை பாஸ்வேர்டு தான்."

"உனக்கு எப்படித் தெரியும் வரும்னு?"

"நான் சொல்லுதேன்லா. போட்டுப் பாரு."

பத்து வருஷப் பழக்கம். அவ சொன்னா நான் கேப்பேன். எழுத்துத் திரையை விட்டு லாகின் ஸ்கிரீனுக்கு வந்தேன். மாறும்போது நடுவுல ஒரு நிமிஷம் கறுப்பாச்சு.

சோபால ஆள் இல்ல.

சோபாவுக்கு முன்னாடி நிக்கா.

ஒரு பொண்ணு. யூனிஃபார்ம் சேலை. தோள்ல ஹேண்ட்பேக். கையில சாப்பாட்டுக் கூடை. வேலை முடிஞ்சு வீட்டுக்குக் கிளம்ப நிக்கிற பிள்ளை எப்படி நிக்கும், அப்படி நிக்கா. முகம் தெரியல. டியூப் லைட் வெளிச்சம் கழுத்தோட நின்னுருச்சு.

திரும்பினேன்.

யாரும் இல்ல. வாசக் கதவு சாத்தியிருக்கு. தரையில ஈரக் கால்தடம் இருக்கான்னு பாத்தேன். தரை காஞ்சு கிடந்துச்சு.

"சத்யா... இங்கன யாரோ இருக்காங்கட்டி."

அவ "என்ன யாரு"ன்னு கூடக் கேக்கல. அதான் எனக்கு மொதல்ல உறைச்சுது. பேய்னு சொன்னா கேலி பண்ணுற ஜாதி அவ. "உன் மூஞ்சியைப் பாத்துப் பேய் ஓடாம இருந்தா சரி"ன்னு சொல்லியிருக்கணும்.

"சீக்கிரம் லாகின் பண்ணுட்டி"ன்னா.

லாகின் ஸ்கிரீன்ல மணி 7:55னு காட்டுது. என் போன்ல 6:52. மிஷினுக்குள்ள இருக்குற சின்ன பேட்டரி செத்தா மணி தப்பாக் காட்டும், அது எனக்குத் தெரியும். ஆனா அது பின்னாடி தான் போகும். முன்னாடி ஓடி நான் பாத்தது இல்ல.

7:56.

என் பேரைத் தொட்டேன். பக்கத்துல என் போட்டோ வந்துச்சு. அபர்ணா காது குத்துல எடுத்த போட்டோ. சத்யா போன்ல மட்டும் தான் அது இருக்கு. என் கூட நின்ன அபர்ணாவை வெட்டி எடுத்துட்டு, என்னை மட்டும் வச்சிருக்கா.

பாஸ்வேர்டு அடிச்சேன். புள்ளி புள்ளியா விழுந்துச்சு. விரல் என்டர் மேல இருக்கு.

"என்டர் அடிச்சிட்டியா?"

"இரு."

"அடிச்சிட்டியாட்டி?"

"ஏன் பறக்க?"

"அடிச்சிருட்டி... அடிச்சிரு..."

அழுவுதா.

"எதுக்குட்டி அழுவுத?"

போன்ல மழைச் சத்தம். தூரத்துல அபர்ணா சிரிக்கிற சத்தம்.

"என்னை மன்னிச்சுரு காளி. அவ விடமாட்டேங்கா. அந்த லாட்ஜு நம்பர்ல இருந்து தினமும் போன் வருதுட்டி. எப்ப வாரன்னு கேக்கா. அந்த லைனையே கட் பண்ணி வருஷம் ஆச்சு. ஒரு ஆள் மாத்த வந்துட்டா அவ போயிருவா... எனக்குப் பாப்பா இருக்குல்லா. உனக்கு யாரு இருக்கா?"

நெஞ்சுக்குள்ள ஏதோ அறுந்துச்சு. பயம் இல்ல அது. பயம் அப்புறம் தான்.

"எனக்கு நீ இருக்கன்னு நினைச்சிருந்தேன்ட்டி"ன்னேன்.

அவ ஏங்கி ஏங்கி அழுதா. வேண்டாம், எந்திரிச்சு ஓடுன்னு அப்பவும் அவ சொல்லல. அதை மட்டும் நல்லா ஞாபகம் வச்சிருக்கேன்.

7:58.

நான் என்டர் அடிக்கல. ஆனாலும் ஸ்கிரீன் கறுப்பாச்சு.

என் முகம்.

என் தோளுக்குப் பின்னாடி ஒரு தோள்.

சேர் முதுகுல ஒரு கை. விரல் தெரிஞ்சுது. நகத்துல பாதி அழிஞ்ச மருதாணி.

சேர் லேசா அசைஞ்சுது.

எந்திரிக்கணும்னு நினைச்சேன். கால் வரல.

காதுகிட்ட... மெதுவா... ரொம்ப மரியாதையா...

"மாத்த வந்துட்டியளாக்கா?"

சின்னப் பிள்ளைக் குரல். அலுத்துப் போன குரல். கோவமே இல்ல அதுல. அதான் தாங்கல எனக்கு.

7:59. கறுப்புத் திரையில அந்த மணி மட்டும் வெள்ளையா நிக்குது.

பாஸ்வேர்டு புள்ளிகள் தானா வருது. ஒண்ணு. ஒண்ணு. ஒண்ணு. கீபோர்டுல நான் கையே வைக்கல. டக். டக். டக்.

குனிஞ்சு பிளக்கைப் பிடுங்கினேன்.

டியூப் லைட்டு எரியுது. ஸ்கிரீனும் எரியுது. யுபிஎஸ் கத்துது. பீப்... பீப்... பீப்...

டக். டக்.

எனக்கு அப்ப வந்துச்சு பாருங்க ஒரு கோவம். உசுரு போற நேரத்துல அப்படி ஒரு கோவம் வருமான்னு எனக்கே தெரியாது. கண்ணை மூடிக்கிட்டுக் கத்தினேன்.

"நான் இல்ல! நான் மாத்த வரல! என்னை அனுப்பி வச்சது சத்யபிரியா. சத்யபிரியா! எதுன்னாலும் அவளைப் போய்க் கேளு!"

டக்... நின்னுருச்சு.

யுபிஎஸ் நின்னுருச்சு.

போன் இன்னும் ஸ்பீக்கர்ல தான் இருந்துச்சு. அங்க இருந்து சத்யா, "காளி, ஏன்ட்டி சொன்ன... ஏன்ட்டி என் பேரைச் சொன்ன..."ன்னு கத்துதா. கத்திக்கிட்டு இருக்கும்போதே லைன் கட் ஆச்சு.

பின்னாடி வாசக் கதவு தானாத் திறந்துச்சு. சாரக் காத்து முதுகுல அடிச்சுது. கால் வந்துருச்சு எனக்கு. பை, செருப்பு, டூல்ஸ் எல்லாத்தையும் போட்டுட்டு ஓடினேன். ஓடும்போது ஒரே ஒரு தடவை திரும்பினேன்.

கம்ப்யூட்டர்ல டெஸ்க்டாப் வந்திருந்துச்சு. அழகா, நீலக் கலர்ல.

குத்துக்கல்வலசைக்கு எப்படி வண்டி ஓட்டிட்டு வந்தேன்னு கேட்டா எனக்குத் தெரியாது. வீட்டுல இருந்த எல்லா லைட்டையும் போட்டுட்டுச் சாமி ரூம்ல உக்காந்திருந்தேன். சத்யா போன் பண்ணல. நானும் பண்ணல. பண்ண மாட்டேன்னு உக்காந்திருந்தேன். பத்து வருஷமா நான் அவ வீட்டுல தின்ன சோத்தை எல்லாம் நினைச்சு நினைச்சு அழுதேன். இவளுக்காக நான் என்ன செய்யல? நாலு நாள் ஆஸ்பத்திரில கிடந்தப்ப கால் அமுக்கி விட்டவ நான். என்னைத் தூக்கி அந்தச் சேர்ல வைக்க அவளுக்கு எப்படி மனசு வந்துச்சு?

காலையில தளவாய் அண்ணாச்சி போன்.

"தாயி, டெஸ்க்டாப் நல்லா ஓடுது. நான் ராத்திரி வர லேட்டாகும்னு வீட்டுக்கே போயிட்டேன். இப்ப வந்து பாத்தா உன் கூட்டாளிப் பொண்ணு ரிசப்ஷன்ல உக்காந்திருக்கு. எந்திரிக்க மாட்டேங்குது. என்ன சமாச்சாரம்?"

போனேன். பாண்டிராஜ் அபர்ணாவைத் தூக்கிக்கிட்டு வாசல்ல நிக்கான். முகம் பேயறைஞ்ச மாதிரி இருக்கு.

"நேத்து எட்டு மணி இருக்கும்க்கா"ன்னான். "எனக்குச் சோறு போட்டுக்கிட்டு இருந்தா. கரண்டியைக் கீழ வச்சிட்டு, 'ஐயையோ லேட் ஆயிருச்சு, ஷிப்ட் மாத்தணும்'னா. நைட்டியோட வாசலைத் தாண்டிட்டா. வெளாடுதான்னு நினைச்சேன். வெளிய வந்து பாத்தா ஆளைக் காணும். ராத்திரி பூரா தேடியிருக்கேன்."

தென்காசில இருந்து மழைல நடந்தே வந்திருக்கா. கால் பூரா சகதி, ரத்தம். நைட்டி ஈரம் சொட்டச் சொட்ட, நிமிந்து உக்காந்திருக்கா. கை ரெண்டும் கீபோர்டு மேல. ஸ்கிரீன் மூலையில அவ பேர் இருந்துச்சு. சத்யபிரியா. அப்படி ஒரு ஆளை யார் அதுல போட்டதுன்னு எங்க யாருக்கும் தெரியாது.

"சத்யா"ன்னேன்.

அவ என்னைப் பாக்கல. கழுத்தைத் திருப்பி, எனக்குப் பின்னாடி, வாசப் பக்கம் பாத்துச் சிரிச்சா. "நீ கிளம்புடி. நான் வந்துட்டேன்லா"ன்னா.

நாலு பேர் சேந்து தான் அவளைச் சேர்ல இருந்து பிரிச்சோம். இப்ப திருநெல்வேலில வைத்தியம் பாக்காங்க. பகல்ல பிள்ளையைக் கொஞ்சுதா, சமைக்கா, எல்லாம் சரியா இருக்கா. சாயங்காலம் ஏழு மணி ஆனா வாசக் கதவைப் பூட்டிச் சாவியைப் பாண்டிராஜ் இடுப்புல சொருகிக்கிடணும். நான் போய்ப் பாத்தேன் ஒரு நாள். என் கையைப் பிடிச்சிக்கிட்டு உக்காந்திருந்தா. நான் உதறல, பிடிக்கவும் இல்ல. ரெண்டும் என்னால முடியல.

இதோட விட்டிருந்தா நான் அவளை வெறுத்துட்டு நிம்மதியா இருந்திருப்பேன். டூல்ஸ் பையை எடுக்கத் திரும்ப அந்த லாட்ஜுக்குப் போனேன், பட்டப் பகல்ல. கூட்டித் துடைக்கிற ரெங்கம்மாள் அக்கா பையை எடுத்துக் குடுத்தா.

"யக்கா, மஞ்சுன்னு இங்கன யாராச்சும் இருந்தாங்களா?"

அந்த அக்கா விளக்குமாத்தைச் சுவரோட சாத்தினா.

"கடையத்துப் பிள்ளை. மூணு வருஷம் ஆச்சு, ஐப்பசி மழை. எட்டு மணிக்கு மாத்த ஆள் வரல. பிள்ளை பையை மாட்டிக்கிட்டு உக்காந்துக்கிட்டே இருந்திருக்கு. எந்திரிக்கக் கூடாதுன்னு முறை உண்டுல்லா. விடியக்காலம் மழைத் தண்ணி உள்ள வந்துருச்சு. கீழ யுபிஎஸ் ஒயரு கிடந்துச்சு... காலையில மொதல்ல பாத்தவ நான் தான்."

"மாத்த வர வேண்டியது யாருக்கா?"

"உனக்குத் தெரியாதா?" அந்த அக்கா என்னை ஒரு மாதிரி பாத்தா. "உன் கூட்டாளி தான். அந்தப் பிள்ளை ஒரு வருஷம் இங்கன தானே ராத்திரி டூட்டி பாத்துச்சு. அன்னைக்கு, வாரேன் வாரேன்னு போன்ல சொல்லிக்கிட்டே இருந்திருக்கு. கடைசில பாத்தா அது ஊர்லயே இல்ல."

எங்கிட்ட அவ ஜெராக்ஸ் கடையில வேலை பாக்கேன்னு தான் சொல்லியிருந்தா. நான் அப்ப கோயம்புத்தூர்ல ஒரு கம்பெனில இருந்தேன். ஹாஸ்டல் ரூம்ல ஒத்தையா.

"எங்கக்கா போயிருந்தா?"

"யாரோ கூட்டாளிக்குப் பொறந்தநாளாம். அது தனியா அழுதுக்கிட்டு கிடக்கும்னு, டூட்டியை விட்டுட்டு கோயம்புத்தூருக்கு பஸ் ஏறிட்டா."

ஐப்பசியில தான் எனக்குப் பொறந்தநாள். அந்த வருஷம் ராத்திரி ஏழு மணிக்கு என் ஹாஸ்டல் வாசல்ல கேக்கோட நனைஞ்சுக்கிட்டு நின்னா சத்யா. என் வாழ்க்கைல அவ்வளவு சந்தோஷமா நான் இருந்ததே இல்ல. விடிய விடியப் பேசிக்கிட்டு இருந்தோம். அவ போன் அடிச்சிக்கிட்டே இருந்துச்சு. மூணு நாலு தடவை எடுத்துட்டு வராண்டாவுக்குப் போனா, அப்புறம் எடுக்கவே இல்ல.

"யாருட்டி இந்த நேரத்துல?"ன்னு கேட்டேன்.

"ராங் நம்பர்ட்டி"ன்னா.

விடியக்காலம் வரைக்கும் அடிச்சிச்சு. அப்புறம் நின்னுருச்சு.